தலைகீழாக ஒரு கோபுரம்

நாளைக்குப் பார்பரா திருநாள்.
சைலீசியாவில் பனி கரித்தூளோடுதான் இறங்கும்;
வெள்ளை என்று சொல்ல
இங்கே யாருக்கும் வாய் வராது.

மறைக்கல்வி அறையில் பதினோரு பேர்.
ஆறு வயது, ஏழு வயது.
வெப்பக் குழாயின்மேல் ஈரக் கையுறைகள்,
கம்பளி வேகும் வாசம்.
நாளை ஒடிக்கவேண்டிய செர்ரிக் கிளையை
ஒரு நாள் முந்தியே ஒடித்து வந்துவிட்டான் ரோஹ்.
ஊறுகாய்ப் புட்டியில் நிற்கிறது அது.
கிறிஸ்துமஸுக்குள் பூக்கவேண்டும்.
பூக்காவிட்டால் அவன் அம்மா
என்னைத்தான் கேட்பாள்.

சுண்ணக்கட்டியால் கோபுரம் வரைந்தேன்,
மூன்று சன்னல் வைத்து.
"இதற்குள்தான் பார்பராவைப் பூட்டி வைத்தார்கள்."
யாரு பூட்டினது?
"ஒருத்தர்."
எந்த ஒருத்தர்?

பாடப் புத்தகத்தில் பதில் இருக்கிறது,
கொட்டை எழுத்தில்.
பூட்டியதும் அப்பா,
வாளை ஓங்கியதும் அப்பா.
நேற்றிரவு அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டேன்.
பதினோரு பேரில் எட்டுப் பேரின் அப்பாக்கள்
இந்த நேரம் எங்கள் காலுக்குக் கீழே
எழுநூறு மீட்டர் ஆழத்தில்.

"கெட்டவர் ஒருத்தர்" என்று மழுப்பினேன்.

ஸிட்டா கை தூக்கவில்லை.
என்றைக்கும் தூக்கியதில்லை.
"அவளோட அப்பாதான். அண்ணன் சொன்னான்."

குழாயிலிருந்து ஒரு கையுறை
தொப்பென்று விழுந்தது.
எடுக்க யாரும் எழவில்லை.

"வெட்ட வந்தப்போ
அவரை அப்பான்னு கூப்பிட்டாளா?"
கேட்டது பெனிட்டா.
மூன்று வருடமாய் நடத்துகிற பாடம் இது.
தெரியவில்லை என்றேன்.
அது உண்மை.
அடுத்துச் சொன்னதற்கு
எந்த உத்தரவாதமும் இல்லை.

"புனிதர்கள் பயப்படுவதில்லை, குழந்தைகளே.
அவள் துளியும் அஞ்சவில்லை."

திமெக் சிரித்தான்.
பல் விழுந்த ஓட்டை வழியே
காற்றும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.
"எங்கப்பா தினமும் காலையில வாந்தி எடுப்பாரு.
போன வருஷம் பாறை சரிஞ்சதுல இருந்து.
வாளியக் கழுவி வெப்பாரு.
அப்புறம் ரொட்டிய எடுத்துக்கிட்டு
பஸ்ஸுக்குப் போவாரு."

அவ்வளவுதான்.
அதில் பெருமை இல்லை, வெட்கமும் இல்லை.
வாளி பச்சை நிறம் என்று மட்டும்
பிறகு நினைவு வந்து சேர்த்துக்கொண்டான்.

புத்தகத்தை மூடினேன்.
"சரி, எல்லாரும் படம் வரையுங்கள்."
பதில் தீர்ந்துபோன வாத்தியார்கள்
செய்வது இதுதான்.

ரோஹ் அவளுக்கு ஒரு குதிரை கொடுத்தான்.
பெனிட்டா இரண்டு வாள் வரைந்தாள்,
இரண்டாவது அவளுக்காம்.
ஸிட்டாவின் தாளை நான் திருப்பி வைக்கப் போனேன்;
கையைத் தட்டிவிட்டாள்.
என் கோபுரமேதான்.
தலைகீழாக,
கூம்பு மண்ணுக்குள் இறங்கியிருந்தது.
சன்னல் மூன்றும் விளக்காகி
ஒன்றன்கீழ் ஒன்றாய்ப் போயின.
அடியில் ஒரு சிறுமி,
தலைக்கவசத்தில் மஞ்சள் வட்டம்.
பக்கத்தில் பெரிய ஆள் ஒருவர்
தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"இது யாரு?"
"அப்பா."
"யாரோட அப்பா?"
தோளைக் குலுக்கினாள்.
"அவருக்குப் பயம். இவ லைட்டு காட்டுறா."

திமெக் எட்டிப் பார்த்தான்.
கேட்காமலேயே தன் பச்சைக் கிரேயானால்
அவர் காலடியில் ஒரு வாளி போட்டான்.
ஸிட்டா தடுக்கவில்லை.

இரண்டு மணிச் சங்கு ஊதியது.
பதினோரு கிரேயான்களும் நின்றன.
ஊதி முடிந்ததும்
மறுபடி ஓடின.

எல்லாரும் போனபின் பார்த்தால்
விழுந்த கையுறை அங்கேயே கிடக்கிறது.
சுரங்க வாசல்வரை ஓடினேன்.
குளித்த முகங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன,
கண்ணோரம் மட்டும் கறுப்பு மிச்சமிருக்க,
மை தீட்டியதுபோல.
திமெக்கின் அப்பா கையுறையை வாங்கிப்
பையில் திணித்துக்கொண்டார்.
நான் அவர் முகத்தைப் பார்க்காமல்
பொத்தானைப் பார்த்தேன்.

"இன்னிக்கு என்ன பாடம்?"
"பார்பரா."
"ஓ, அவளா" என்றார்,
அடுத்த தெருவில்
குடியிருப்பவளைப் போல.